பேர் கூப்பிட்ட பெட்டி

பின்னேரம் ஐந்தே முக்கால். கலஹாவுக்கு மேலே, டன்பிரே தோட்டத்து ரோட். ரோட் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்... தார் போய், கல்லும் போய், நடுவில் புல் முளைத்த வெறும் தடம். இரண்டு பக்கமும் கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை மரமாக வளர்ந்து நிற்கிறது. பனிமூட்டம் காலடியில் தொடங்கி இடுப்புக்கு ஏறுகிறது. அந்தத் தடத்தில் ஒருவன் தனியாக இறங்கிப் போகிறான். கையில் குடை. சட்டைப் பையில் போன். போனுக்குள் ஒரு பலகையின் படம்.

அவன் பெயர் யுகேஷ்.

ஷாமில், அந்தத் தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் இழுத்து விடு. சாரல் ஸ்பீக்கர் பெட்டியில் படுகிறது. இந்த மழைக்குள் லொறி நகராது. கம்பளை ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறதாம், விடியத்தான் வெட்டுவார்கள். கல்யாண வீட்டுப் பாட்டும் முடிந்தது, சாப்பாடும் முடிந்தது. சும்மா குந்தியிருக்கிற நேரம்... நீயும் பழைய கிட்டார் அம்ப்ளிபயர் ஒன்று வாங்கப் போகிறேன் என்று மூன்று பாட்டுக்கு ஒரு தடவை சொல்லிவிட்டாய். வால்வு போட்டது, பெயர்த் தகடு இல்லாதது, எங்கே செய்தது என்று விற்கிறவனுக்கே தெரியாதது. வாங்கு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதைக் கேட்டுவிட்டு வாங்கு.

"பவாஸ் நானா, பேய்க் கதை சொல்லி வெலயக் கொறைக்கப் பாக்குறீங்க. பொறகு நீங்களே போய் வாங்கப் போறீங்க."

"வாய மூடிட்டுக் கேளுடா."

யுகேஷ், அனுஷியா டீச்சரின் அண்ணன். டீச்சர் என் மனைவி ஸுமைராவோடு ஒரே பள்ளியில் படிப்பிக்கிறார். இதை எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து, நல்ல பகலில், டீ ஆறி ஆடை படியும்வரை சொன்னார். கதை கட்டுகிற ஆள் இல்லை.

யுகேஷுக்கு வீடு குண்டசாலையில். வேலை கண்டியில், மாநகர சபையில் கிளார்க். சனி ஞாயிறு வாவிக் கரையோர ஹோட்டல் ஒன்றில் கிட்டார். மனைவி சஞ்சீவனி, கலஹாப் பக்கம் வேறொரு தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் கொழுந்தும் எடுத்தவள். பிள்ளைகள் இல்லை. சின்ன வீடு, முன்னால் கேட், பின்னால் விறகுக் கொட்டில்.

அந்தப் பெட்டி அவனுக்குக் கம்பளையில் ஒரு பழைய சாமான் கடையில் அகப்பட்டது. சிவப்பு ரெக்சின் ஒட்டியது. பழைய பஸ் சீட்டில் இருக்குமே, அதே சிவப்பு. குமிழ்கள் ஏதோ ரேடியோவில் கழற்றியவை. பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஆனால் சத்தம்... டீச்சருக்குக் கிட்டார் பற்றி ஒன்றும் தெரியாது. அவரே சொன்னார், "அண்ணா ஒரு தந்தியத் தொட்டா, அறைக்குள்ள இன்னொரு ஆள் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்."

எங்கே செய்தது என்று யுகேஷ் போனில் படம் போட்டுக் கேட்டான். ஒருவன் இத்தாலி என்றான். ஒருவன் இங்கிலாந்து என்று சத்தியம் செய்தான். இன்னொருவன் ஜெர்மன் என்று சொல்லி, இத்தாலிக்காரனோடு ராத்திரி முழுக்கச் சண்டை பிடித்தான். பின்பலகையைக் கழற்றினால் மூன்று பேரும் சரி. வால்வு ஒரு நாடு, ட்ரான்ஸ்போமர் ஒரு நாடு, ஸ்பீக்கர் ஏதோ தியேட்டருடையது. வெளிநாட்டுச் சாமான் வராத காலத்தில், அகப்பட்டதை எல்லாம் சேர்த்து யாரோ கையால் கட்டிய பெட்டி.

அதோடு அவன் விட்டிருப்பான்.

ஒரு விடியற்காலை அது பேசியது.

மழை பெய்த காலை. ஹோலில் இருந்து ஒரு ஆண் குரல். கத்திக் கத்திக் கம்மிப் போன குரல். "கருப்பாயி..." என்றது. பிறகு சத்தம் இல்லை. வெறும் உர்ர்... "செல்லத்தொரை..." மறுபடியும் அந்த உர்ர். எழுந்து போய்ப் பார்த்தான். பெட்டி சூடாக இருந்தது. ராத்திரி சுவிட்சை நிறுத்த மறந்துவிட்டேன் என்று நினைத்தான். பழைய அம்ப் சில நேரம் ரேடியோவைப் பிடிக்கும், உனக்கும் தெரியும். நிறுத்திவிட்டுப் படுத்தான்.

அடுத்த மழைக் காலை சுவிட்ச் நிறுத்தித்தான் இருந்தது. அதற்கடுத்த காலை ப்ளக்கே சுவரில் இல்லை, வயர் சுருட்டிப் பெட்டியின் மேல் கிடந்தது. அப்போதும் கூப்பிட்டது. முதலில் சூடான தேயிலைத் தூள் வாசம் வரும். பிறகு அந்த வாசம் மாறும்... தோண்டிய மண். பச்சை மண்.

"ரேடியோ இல்லைங்க" என்றாள் சஞ்சீவனி. "ரேடியோக்காரன் மூச்சு விடாமப் பேசுவான். இது ஒரு பேரச் சொல்லிட்டு நிக்குது. பெரட்டுல கூப்பிடுற மாதிரி."

பெரட்டு என்றால் தெரியுமா, ஷாமில்? தோட்டத்தில் விடியக் காலை, வேலைக்குப் பிரிக்கும் முன், ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பேருக்குக் குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை. ஆள் வரப் பிந்தினால், வீட்டாள் யாராவது முந்திக்கொண்டு குரல் கொடுக்கும்: "வந்துக்கிட்டு இருக்காருங்க!" அப்படிச் சொன்னால் பேர் தப்பும். சஞ்சீவனியின் அப்பா கொஞ்சம் குடிப்பவர். அவருக்காக எத்தனையோ காலை அவள்தான் அப்படிக் குரல் கொடுத்தாள். யோசித்துச் சொல்வது இல்லை அது. தும்மல் மாதிரி வாயில் வருவது.

அவள் சோறு தின்பதை விட்டாள். தூக்கத்தை விட்டாள். ஒரு நாள் அவன் கையைப் பிடித்துச் சொன்னாள். "இத விக்க வேணாம். வித்தா வாங்குறவங்க வூட்டுல கூப்பிடும். வீசவும் வேணாம். யாரோடதோ அவங்ககிட்டயே கொண்டு போய்க் குடுத்துருங்க. குடுக்கலன்னா இந்த வூட்டுல நா இருக்க மாட்டேன்."

இப்போது விளங்குகிறதா? கொடுக்க வேண்டும் என்றால், எங்கே இருந்து வந்தது என்று தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. அவனுக்கு அது வீடு.

சமையல் கத்தியால் மூலையில் ரெக்சினைக் கிளப்பி உரித்தான். உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகை. உள்பக்கம் ஈயத் தாள் ஒட்டியபடியே இருந்தது. தேயிலைப் பெட்டி! தேயிலை ஏற்றுமதி செய்த பழைய பலகைப் பெட்டியை அறுத்து அம்ப்ளிபயருக்குக் கூடு செய்திருக்கிறார்கள். இன்னும் உரித்தான். கறுப்பு மையில் அச்சுக் குத்திய எழுத்து. பாதி அழிந்த தேயிலை ரகம், கீழே தோட்டத்தின் பெயர். டன்பிரே.

அதைப் படம் எடுத்தான். அடுத்த நாள் அரை நாள் லீவு. பேராதனையில் இருந்து கலஹா பஸ். மேலே டன்பிரே சந்தியில் ஒரே ஒரு டீக்கடை. கடைக்காரி இராஜகுமாரி, ஐம்பது வயது இருக்கும். அவன் நெளிமுடியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"பாட்டுக்காரரா? இங்க திருவிழா முடிஞ்சு மாசக் கணக்காச்சுங்களே."

அவன் போனில் பெட்டியின் படத்தைக் காட்டினான். சிரிப்பு நின்றது. வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்தாள்.

"இது... கீழ்க்கணக்குப் பெட்டி."

கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. டன்பிரேயில் மேல்கணக்கு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். கீழ்க்கணக்கு இல்லை. அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது, அடை மழையில் மலை இறங்கி வந்து தொழிலாளர் குடியிருந்த லயம் ஒன்றை அப்படியே மூடிவிட்டது. யார் வெளியே ஓடினார்கள், யார் உள்ளே என்று தெரியாது. இருட்டு. மழைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்கவில்லை. கீழ்க்கணக்குப் பையன்கள் அப்போது ஒரு பாட்டுக் கோஷ்டி வைத்திருந்தார்கள். கிட்டார் வாசித்தவன்தான் இந்தப் பெட்டியைக் கட்டியவன். அவன் பெட்டியைப் பெரட்டுக் களத்துக்குத் தூக்கி வந்து, கோயிலில் இருந்து வயர் இழுத்து, மைக் பிடித்துப் பேர் பேராகக் கூப்பிட்டான். உயிரோடு இருக்கிறவர்கள் குரல் கொடுங்கள் என்று.

"நாங்க எல்லாம் குரல் குடுத்தோம். குடுக்காதவங்க பேர மறுபடி மறுபடி கூப்பிட்டாரு. அவரு அம்மா பேரு, தங்கச்சி பேரு... நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்தல. விடியும்போது மலை இன்னொரு தடவ வந்திருச்சு. களத்தோட போயிட்டாரு." அவள் படத்தைத் திரும்பப் பார்க்கவில்லை. "பெட்டிய மட்டுந்தான் தோண்டி எடுத்தாங்க. யாரு வித்தாங்களோ."

"இதக் கொண்டு வந்து யாருகிட்டக்கா குடுக்கிறது?"

"யாரு இருக்கா? கூப்பிட்டவரும் மண்ணுக்குள்ள, கேட்டவங்களும் மண்ணுக்குள்ள. களத்துல வச்சிட்டுப் போங்க. வெயில் நேரத்துல வாங்க. இப்ப இறங்க வேணாம். வெறகுக்கு மெலாறு பொறுக்கக் கூட நாங்க இந்த நேரம் அங்க போறது இல்ல."

ஒரு டீ குடித்துவிட்டு அவன் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் நாளைக்குப் பெட்டியை ஏற்றி வர வேண்டும். த்ரீவீலர் களம்வரை போகுமா, வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். குடையை விரித்தான்.

அதுதான் அந்த ஐந்தே முக்கால்.

"அவன் ஏன் நானா தனியாப் போறான்? எல்லாக் கதையிலயும் ஒரு மடையன் தனியாப் போவான்."

அவன் மடையன் இல்லை, ஷாமில். பெண்டாட்டி தூங்க வேண்டும் என்று போனவன்.

களம் இருந்தது. பாதி. ஒரு பக்கம் சிமெந்துத் தரை, மறு பக்கம் மண் மேடு, மேட்டின் மேல் காட்டுச் சூரியகாந்தி. மணிக்குப் பதிலாகத் தட்டுகிற தண்டவாளத் துண்டு ஒரு மரத்தில் தொங்கியது. காற்று இல்லை. பறவை இல்லை. மழைகூட இலையில் விழுந்தது, சத்தம் வரவில்லை.

மேட்டடியில் ஒருவர் நின்றார். தலையில் இருந்து முழங்கால்வரை கம்பளி போர்த்தியிருந்தார். முகம் கம்பளிக்குள். காவல்காரர் என்று யுகேஷ் நினைத்தான்.

"பேரு?"

கம்மிய குரல். பெட்டியில் கேட்ட குரல் என்று அந்த நேரம் அவனுக்குப் பிடிபடவில்லை. நாள் முழுக்க மற்றவர்களிடம் பேர் கேட்டு எழுதுகிறவன், தன்னிடம் கேட்டதும் ஒழுங்காகச் சொன்னான்.

"யுகேஷ்ங்க."

"தகப்பன் பேரு?"

"அழகமுத்து."

"வூடு எங்க?"

"குண்டசாலைங்க. சந்தியில இருந்து உள்ள, பள்ளிவாசல் தாண்டி."

கம்பளி மெதுவாகத் தலையாட்டியது. பச்சை மண் வாசம் குப்பென்று அடித்தது. மேலே ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது. ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பினான். திரும்பிப் பார்த்தால்... சிமெந்துத் தரை. மழை. ஈரத்தில் அவனுடைய கால்தடம் மட்டும்.

ஓடி வந்து பஸ்ஸில் ஏறினான். ஏறியதும் தங்கைக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னான். அதனால்தான் நமக்குத் தெரியும். கடைசியில் சொன்னானாம், "சஞ்சீவனிகிட்ட அந்த ஆளப் பத்திச் சொல்லாத. எடம் கெடச்சிருச்சுன்னு மட்டும் சொல்றேன். அவ இன்னிக்காவது தூங்கட்டும்."

அப்படியே செய்தான். இடம் கிடைத்துவிட்டது, நாளைக்குக் காலையில் கொண்டு போய் வைக்கிறோம் என்றான். பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி விறகுக் கொட்டிலில் வைத்தான். த்ரீவீலருக்கு நம்முடைய நஸீமைப் பேசினான். விடிய வந்து கேட்டில் கூப்பிடு என்றான். சஞ்சீவனி அன்றைக்குச் சோறு தின்றாளாம். இரண்டு தடவை போட்டுத் தின்றாளாம். பல நாளுக்குப் பிறகு அடித்துப் போட்டது போலத் தூங்கினாளாம்.

விடியக் காலை. சுபஹ் பாங்கு முடிந்து கொஞ்ச நேரம். மழை. சஞ்சீவனி குசினியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டு இருக்கிறாள். அடுப்பில் கேத்தல் சீறுகிறது. மனம் லேசாக இருக்கிறது, பெட்டி போகப் போகிறது. யுகேஷ் இன்னும் எழும்பவில்லை. த்ரீவீலர் வந்துவிடப் போகிறதே, இந்த மனுசன் இன்னும் படுத்திருக்கிறாரே என்று நினைக்கிறாள்.

கேட்டடியில் இருந்து கூப்பிடுகிறது.

"யுகேஷ்..."

கை மாவில். வாய் முந்திவிட்டது.

"இந்தா, வந்துக்கிட்டே இருக்காருங்க!"

சொல்லிவிட்டு, மாவைத் தட்டி விட்டுவிட்டு, குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். கேட்டில் த்ரீவீலர் இல்லை. ஆள் இல்லை. மழை மட்டும் இருந்தது. அப்போதுதான் மூக்கில் ஏறியது... பச்சை மண்.

அறைக்கு ஓடினாள். யுகேஷ் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். போர்வை கழுத்துவரை, ஒரு மடிப்புக் கலையாமல். கண் திறந்திருந்தது. கை இரண்டும் நெஞ்சுக்கு மேலே, எதையோ தூக்கிப் பிடிக்கிற மாதிரி விறைத்து நின்றன. ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டி இறந்ததாகச் சொன்னார்கள். விலா எலும்புகள் எல்லாம் உள்பக்கம் நொறுங்கி இருந்தனவாம். பெரிய பாரம் மேலே விழுந்தால்தான் அப்படி ஆகும், என்ன விழுந்தது என்று கேட்டார்கள். அவள் என்ன சொல்வாள்? குண்டசாலை மட்டமான இடம். விழுவதற்கு அங்கே மலை இல்லை.

நஸீம் வந்து ஹோர்ன் அடித்தபோது உள்ளே ஒப்பாரி கேட்டது.

பிறகு பொலிஸ், விசாரணை, அடக்கம். அடக்கம் முடிந்த பின்னேரம் டீச்சரின் புருஷன் பெட்டியை நஸீமின் த்ரீவீலரில் ஏற்றி, டன்பிரேக்குக் கொண்டு போய்க் களத்தில் வைத்தார். போகும்போது த்ரீவீலர் ஏற்றத்தில் இழுக்கவில்லையாம். எட்டுப் பேரை ஏற்றின மாதிரித் திணறியதாம்.

"வரக்குள்ள?"

வரும்போது இறக்கம், ஷாமில். அப்போதும் திணறியதாம். நஸீமைக் கேட்டுப் பார். அந்தப் பேச்சை எடுத்தால் எழும்பிப் போய்விடுவான்.

அந்த ராத்திரி டீச்சர் சஞ்சீவனியோடு ஹோலில் பாய் போட்டுப் படுத்தார். துக்க வீட்டு லைட் எரிந்தபடி இருந்தது. சஞ்சீவனி அழவில்லை. "நாந்தான் குரல் குடுத்தேன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்சம் கண் அயர்ந்தது. பாங்கு கேட்டு டீச்சர் விழித்தார். மழை நின்றிருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை.

பெட்டி போய்விட்டது. சத்தம் வந்தது.

கேட்டில் இல்லை. முன் கதவுக்கு அந்தப் பக்கம். மரத்துக்கு வாயை வைத்துப் பேசுகிற மாதிரி.

"யுகேஷ்..."

ஒரு மூச்சு நேரம். பிறகு பதில் வந்தது. வெளியில் இருந்துதான். டீச்சருக்கு அந்தக் குரலைத் தெரியாதா? கூடப் பிறந்தவர்.

"இருக்கேன்ங்க."

பேர் எழுதுகிற இடைவெளி மாதிரி ஒரு இடைவெளி. கதவின் கீழ் இடுக்கால் தண்ணீர் கசிந்து வந்தது, சிவப்பாக, களியாக. மறுபடி அந்தக் கம்மிய குரல் கேட்டது.

"வூட்டுல வேற யாரு?"

அவன் யோசிக்கவில்லை. ஒழுங்காகச் சொன்னான்.

"சஞ்சீவனி. சம்சாரம்."

டீச்சர் பாய்ந்து சஞ்சீவனியின் வாயைப் பொத்தினார். இரண்டு கையாலும் பொத்தினார். மேலே ஏறிப் படுத்துக்கொண்டு பொத்தினார். சஞ்சீவனியின் கண் மூடியிருந்தது. அவள் தூக்கத்தில்தான் இருந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பேரை ஒரு தடவை கூப்பிட்டது. பிறகு காத்திருந்தது.

சத்தம் ஒன்றும் வெளியே வரவில்லை என்று டீச்சர் சொன்னார். அதை மட்டும் சத்தியம் செய்து சொன்னார். ஆனால் உள்ளங்கைக்கு அடியில், அவளுடைய உதடு அசைந்துகொண்டே இருந்ததாம்.